இறங்காமல் சொன்ன கணக்கு

என் வீட்டுக்காரர் பத்துமலைக்குப் பேராசிரியர் பதவி கிடைத்ததும், ஈப்போவில் நாங்கள் இருக்கும் புந்தோங்கில் ஒரு சங்கத்தார் பாராட்டு மலர் போடப்போகிறோம் என்று வந்தார்கள். "டீச்சர், நீங்கதான் கூடவே இருந்தவங்க. அவரைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க லா" என்றார்கள். நல்ல வார்த்தைக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். நான் எழுதினால் நடந்ததைத்தான் எழுதுவேன். நடந்ததில் பாதி வயிற்றெரிச்சல். மீதிப் பாதி அந்த வயிற்றெரிச்சலைத் தீர்த்துக்கொண்ட கதை. அவர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். எழுத உட்கார்ந்தவள் உட்கார்ந்ததுதான், எழுதியே முடித்துவிடுகிறேன்.

என் பெயர் பாப்பா. தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். மன்னிக்கிற ரகம் இல்லை நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது எல்லாருக்கும் நல்லது.

என் மாமனார் மாயாண்டி, சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் பாலத்துத் தோட்டத்தில் கித்தா என்கிற ரப்பர் மரம் சீவியவர். அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. செம்மண் ரோட்டு வளைவைத் தாண்டினால் கிராணி வீடு. தோட்டத்து ஆபீஸில் சம்பளக் கணக்கு எழுதுகிறவர்தான் கிராணி. துரைக்கு அடுத்தபடி அவர்தான் அங்கே எமன். சைக்கிளில் வருகிற எந்தத் தொழிலாளியும் கிராணி வீட்டுக்கு முன்னால் இறங்கி, வீடு தாண்டும்வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். எந்தப் பலகையிலும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் எல்லாரும் இறங்கினார்கள். மழை கொட்டினாலும் இறங்கினார்கள்.

என் வீட்டுக்காரர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருநாள் கடுமையான காய்ச்சல். மாமா அவரைச் சைக்கிள் முன்கம்பியில் உட்கார வைத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்துக்கொண்டு போனார். பிள்ளைக்குத் தலை நிற்கவில்லை. நடுவில் இறங்கினால் பிள்ளை சாய்ந்து விழுந்துவிடும். அதனால் மாமா இறங்காமல் போனார். கிராணி அப்பாவு கூப்பிட்டு நிறுத்தினார். பிள்ளையைத் தரையில் உட்கார வைக்கச் சொன்னார். மாமாவின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை. அதோடு விட்டாரா? திரும்ப வளைவுக்குப் போய், அங்கிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். மாமா போனார், தள்ளிக்கொண்டு வந்தார். அந்த வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, கிராணியின் மகன் இராமசாமி மைலோ குடித்துக்கொண்டே இதையெல்லாம் வேடிக்கை பார்த்தான். தரையில் கிடந்த பிள்ளையும் பார்த்தது. பிற்பாடு அந்தப் பிள்ளை படித்த படிப்பெல்லாம் அந்தக் காய்ச்சல் குறையாமல் படித்த படிப்பு என்பது என் எண்ணம்.

உபகாரச் சம்பளத்தில் இங்கிலாந்து போய்க் கணக்கில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு எழுபத்திரண்டில் திரும்பி வந்தார். மறு வருஷம் என்னைப் பெண் பார்க்க வந்தார். கணக்கில் என்ன கணக்கு என்று நானே கேட்டேன். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தூக்கிவாரிப் போட்டது. அவர் நிதானமாகச் சொன்னார்.

"இன்னிக்கு ஒரு பொருள் எப்படி இருக்கோ, அதுல இருந்துதான் நாளைக்கு எப்படி இருக்கும்கறது வருது. நாளையில இருந்து மறுநாள். அப்படியே போய்க்கிட்டே இருந்தா கடைசியில எங்க போயி நிக்கும், இல்ல நிக்காமலே சுத்துமான்னு பாக்குறது என் வேலை. இயங்கு அமைப்புன்னு சொல்லுவோம்."

"கோவம் கூட அப்படித்தானே?" என்றேன்.

அதுவரை தரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த மனிதர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கல்யாணம் அங்கேயே முடிவாகிவிட்டது, மற்றதெல்லாம் தாம்பூலத் தட்டு சமாசாரம்.

ஈப்போவுக்கு வெளியே ஒரு கல்லூரியில் வேலை. பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அவர்களுக்கு விளம்பரம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே துறைத் தலைவர் அறையில் யார் உட்கார்ந்திருந்தார் தெரியுமா? டாக்டர் இராமசாமி. அதே மைலோ இராமசாமி. "அட, நம்ம தோட்டத்து மாயாண்டி மகனா நீ? பரவாயில்லையே!" என்று நாற்காலியில் சாய்ந்தபடி சிரித்தாராம். உட்காரச் சொல்லவில்லையாம். வீட்டுக்கு வந்து சொன்னபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் மட்டும் ரசம் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார்.

அந்த நாளில் தோட்டங்களில் மரப்பட்டையில் மருந்து பூசிப் பால் அதிகம் எடுக்கிற பழக்கம் பரவிக்கொண்டிருந்தது. அவருடைய அக்கா நல்லம்மாள் அப்போதும் பாலத்துத் தோட்டத்தில்தான் மரம் சீவிக்கொண்டிருந்தார். லீவு நாட்களில் இவர் அக்காவின் நிரைக்கு, அதாவது அக்கா சீவுகிற மர வரிசைக்கு, போய் மரங்களுக்கு நடுவே நிற்பார். மரம் இன்றைக்குக் கொடுக்கிற பால், அடுத்த தடவை கொடுக்கப்போகிற பாலைத் தீர்மானிக்கிறது. அதை ஒரு சமன்பாடாக எழுதினார். மருந்து கொஞ்சமாக இருந்தால் பால் ஒரே சீராக வரும். கொஞ்சம் கூட்டினால் ஒருநாள் கொட்டும், மறுநாள் வற்றும். இன்னும் கூட்டினால் நாலு நாளைக்கு ஒரு சுற்று. அதற்கும் மேலே போனால் ஒழுங்கே கிடையாது. என்றைக்குக் கொட்டும், என்றைக்கு வற்றும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கட்டத்தில் மரத்தைத் தொடர்ந்து வருத்தினால் பட்டை வறண்டு மரம் வீணாகிவிடும். மூன்றாம் வகுப்பு டீச்சர் எனக்கே இது புரிந்தது. அவ்வளவு தெளிவாக எழுதியிருந்தார்.

துறையிலிருந்து வெளிநாட்டுச் சஞ்சிகைக்கு எந்தக் கட்டுரை போனாலும் தலைவர் ஆபீஸில் டைப் அடித்து அவர் மூலமாகத்தான் போக வேண்டும். இவர் கொடுத்தார். ரொம்ப நாள் கழித்து, எழுபத்தொன்பதில், சஞ்சிகை வந்தது. தலைப்பு இவருடையது. சமன்பாடு இவருடையது. படம்கூட இவர் கையால் போட்ட படம். பெயர் மட்டும் டாக்டர் இராமசாமி. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், கூட்டல் கழித்தல்களைச் சரிபார்த்து உதவிய திரு பத்துமலைக்கு நன்றி என்று ஒரு வரி. திரு! டாக்டர் என்றுகூடப் போட மனசு வரவில்லை அந்தப் பாவிக்கு.

நான் விளக்கமாற்றை எடுத்துவிட்டேன். "வண்டிய எடுங்க. அந்த ஆள் வீட்டுக்குப் போலாம். நடுரோட்டுல வெச்சு நாலு சாத்து சாத்துறேன்."

அவர் அசையவில்லை. "பொறு பாப்பா. அவன் சமன்பாட்டத்தான் எடுத்துக்கிட்டுப் போனான். அது எந்த எடத்துல ஆளை ஏமாத்தும்னு அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தானா வந்து விழுவான்."

"எப்போ?"

"எனக்கு அவசரம் இல்ல."

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. என் கோபம் அடுப்பில் பொங்குகிற பால். அவர் கோபம் உறைபனிப் பெட்டி. சாதுவான மனிதர், பெருந்தன்மையானவர் என்று இப்போது மேடையில் புகழ்கிறார்களே, அவர்களுக்கு என்ன தெரியும்? நாலு வருஷம் அவர் அந்தச் சமன்பாட்டின் ஒழுங்கில்லாத பகுதியையே கிண்டிக்கொண்டிருந்தார். எங்கே அது பொய்ச் சத்தியம் பண்ணும் என்று அங்குலம் அங்குலமாகத் தெரிந்து வைத்துக்கொண்டார்.

எண்பத்து மூன்றில் அந்த ஆள் வந்து விழுந்தார். மருந்தை அதிகம் பூசினாலும் பயமில்லை, பால் தாறுமாறாகப் போவதுபோலத் தெரிந்தாலும் கடைசியில் ஒரு நீண்ட சுற்றில் வந்து நின்றுவிடுகிறது, அந்தச் சுற்றைத் தெரிந்துகொண்டால் துணிந்து பால் எடுக்கலாம் என்று டாக்டர் இராமசாமி புதிதாகக் கண்டுபிடித்திருந்தார். ஒரு தோட்டக் கம்பெனி வாயைப் பிளந்துகொண்டு ஒத்துக்கொண்டது. டிசம்பரில் ஈப்போவில் பெரிய கூட்டம். அதிகாரிகள், கம்பெனிக்காரர்கள், கோலாலம்பூரிலிருந்து பேராசிரியர்கள் எல்லாரும் வருகிறார்கள். அங்கே இதை அவர் அறிவிக்கப்போகிறார்.

இவர் அந்த அறிக்கையைப் படித்துவிட்டுச் சிரித்தார். சத்தம் போட்டுச் சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

"என்னங்க, சொல்லிட்டுச் சிரிங்க."

"தராசு மூணு இலக்கத்துக்கு மேல காட்டாது, அப்புறம் கணக்குல மட்டும் எதுக்கு நீளமான தசமம்னு, ஒவ்வொரு படியிலயும் விடைய மூணு இலக்கமா வெட்டிட்டான். கம்ப்யூட்டர் மெஷினுக்கும் அப்படியே சொல்லிக் குடுத்துட்டான். மூணு இலக்கத்துல எத்தன எண்ணு இருக்கு? சுத்திச் சுத்தி எப்பவாவது பழைய எண்ணு மேலயே வந்து விழுந்துதானே ஆகணும்? விழுந்தா அதுக்கப்புறம் அதே வழிதான். அதைப் போயி மரத்தோட ஒழுங்குன்னு நெனச்சுட்டான்."

"எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

"சின்னக் கூடைக்குள்ள கோழியப் போட்டு மூடு. மறுபடி மறுபடி அதே மூலைக்குத்தான் வரும். கோழிக்கு வழி தெரியும்னு அர்த்தமா? கூடை சின்னது, அவ்வளவுதான். இன்னும் ரெண்டு இலக்கம் சேத்துப் போட்டா அந்தச் சுற்று காணாமப் போயிடும்."

கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பது, அந்த ஆள் பேசி முடித்துக் கைதட்டல் வாங்கியதும் எழுந்து, இரண்டு இலக்கம் சேர்த்துப் போட்டுக் காட்டுங்கள் டாக்டர் என்று ஒரே ஒரு கேள்வி கேட்பது. அதுதான் திட்டம். என் மாமனாரை எத்தனை பேர் பார்க்க அறைந்தார்களோ, அதைவிடப் பத்து மடங்கு பேர் பார்க்க அறை விழும். நான் அந்த நாளுக்கென்று மயில்கழுத்து நிறத்தில் ஒரு புடவையே வாங்கி பீரோவில் வைத்துவிட்டேன். ஆமாம், வாங்கினேன். கூட்டத்தில் பெண்களுக்கு இடம் உண்டா என்றுகூட விசாரித்து வைத்திருந்தேன்.

அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்லம்மாள் அண்ணி வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"தம்பி, நம்ம தோட்டத்துல புது மருந்து பூசப்போறாங்களாம் லா. ஓரத்து நிரையில பூசிப் பாத்தாங்க. பால் கொட்டுது, மரத்துல கட்டுன மங்கு நெறஞ்சு வழியுது! வர்ற வாரம் எங்க எல்லா நிரைக்கும் பூசுறாங்க. இந்தத் தடவை தீபாவளி நமக்குத்தான் லா!"

இவர் கையிலிருந்த கோப்பியைக் கீழே வைத்தார். அந்த ஆளை நம்பிய கம்பெனி அக்கா தோட்டத்துக் கம்பெனிதான். கூட்டம் டிசம்பரில். பூச்சு வருகிற வாரம். கூட்டம் வரைக்கும் காத்திருந்தால் அவர் பழி தீரும், ஆனால் அக்காவின் மரங்கள் வறண்டுவிடும். பால் இல்லாத மரத்தைச் சீவ எந்தக் கம்பெனி ஆள் வைத்துக்கொள்ளும்?

அண்ணி சமையலறைக்குப் போனதும் நான் குரலைத் தணித்துச் சொன்னேன். "கூட்டம் வரைக்கும் பொறுங்க. அண்ணிய நாம கூட்டிட்டு வந்து வெச்சுக்கலாம். நாம சோறு போடுவோம்." இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். எத்தனை வருஷம் காத்திருந்த காரியம்!

"அக்காவுக்கு நாம போடுவோம். பக்கத்து நிரைக்காரங்களுக்கு?" என்றார் அவர். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஹோண்டா மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தார். நானும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறிக்கொண்டேன். போகிற கருமத்தைக் கண்ணாலாவது பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. எனக்கு அழுகை முட்டியது. அந்தப் புடவையை நினைத்து அழுதேன் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

குனோங் ராபாட்டில், மலைக்குக் கீழே, மூலைவீடு டாக்டர் இராமசாமியுடையது. முன்னால் இரும்புக் கேட். கேட்டுக்கு உள்ளே கார் நிற்கும் இடத்தில் பிரம்பு நாற்காலி. அதில் அப்பாவு கிராணி. வயசாகித் தாடை தொங்கிப் போயிருந்தது, ஆனால் பார்வை அப்படியே இருந்தது. ரிட்டயரானதிலிருந்து மகன் வீட்டில்தான் இருந்தார். இவர் வண்டியைக் கேட்டுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தி, ஒரு காலைச் சாக்கடைத் திண்டின் மேல் ஊன்றிக்கொண்டார். எஞ்சினை அணைக்கவில்லை. ஹாரனை அழுத்தினார்.

நான் இறங்கப் போனேன். "எறங்காத" என்றார்.

டாக்டர் இராமசாமி கைலியோடு வெளியே வந்தார். "யாரு, பத்துமலையா? உள்ள வாங்க. என்ன ரோட்டுலேயே நின்னுகிட்டு? எறங்குங்க, எறங்குங்க."

"இல்ல டாக்டர். இங்கேயே சொல்லிடுறேன். நீங்க கேட்டுக்கு வாங்க."

வந்தார். மூன்று இலக்கத்தில் வெட்டியதைப் பற்றி இவர் சொல்லச் சொல்ல, எனக்குக் கூடையும் கோழியுமாகச் சொன்ன அதே விஷயத்தை அவர்கள் பாஷையில் சொல்லச் சொல்ல, அந்த ஆளின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. முட்டாள் இல்லை. திருடர்தான், முட்டாள் இல்லை. பாதியிலேயே புரிந்துவிட்டது.

"கூட்டத்துல எழுந்து கேட்டிருக்கலாமே நீங்க?" என்றார் மெல்ல.

"கேக்கத்தான் இருந்தேன். மருந்து அடுத்த வாரம் பூசுறாங்க. அதான் வந்தேன். நாளைக்குக் காலையிலேயே கம்பெனிக்குப் போன் போட்டு நிறுத்துங்க."

"நிறுத்துறேன். ஆனா எதுவரைக்கும் பூசலாம்? எந்த அளவுக்கு மேல போகக்கூடாது? அந்த எல்லையச் சொல்லாம வெறுமனே நிறுத்துன்னா அவங்க கேக்க மாட்டாங்க. உங்ககிட்ட இருக்கும். நாலு வருஷமா அதைத்தானே பாத்துக்கிட்டு இருக்கீங்க, எனக்குத் தெரியாதா?"

அந்த நேரம் பார்த்துப் பிரம்பு நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "எவன்டா அவன்? வீட்டு முன்னால வண்டியில குந்திக்கிட்டுப் பேசுறது?"

இவர் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். "மாயாண்டி மகன்" என்றார்.

கிழவர் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தார். ஊன்றிய காலைப் பார்த்தார். "எறங்கச் சொல்லு அவன" என்றார் மகனிடம்.

இவர் காலைத் திண்டிலிருந்து எடுத்தார். கியரைப் போட்டு மணிக்கட்டைத் திருகினார், வண்டி உறுமி ஒரு முழம் நகர்ந்தது. அந்த எல்லை என்கிற எண் அவர் தலைக்குள் இருந்தது. வேறு எங்கேயும் இல்லை.

டாக்டர் இராமசாமி இரண்டு கையாலும் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பத்துமலை, இருங்க! அப்பா, சும்மா இருங்க. அவரு எறங்க வேணாம்."

"என்னடா சொல்ற?"

"அவரு எறங்க வேணாம்பா. வண்டியில இருந்துகிட்டே பேசட்டும்."

கிழவரின் தாடை ஆடியது. இவர் வண்டியைப் பின்னால் உருட்டி, காலை மறுபடி திண்டில் ஊன்றி, அந்த எண்ணைச் சொன்னார். துறைத் தலைவர் கேட்டுக்கு உள்ளே நின்றபடி உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். அடேயப்பா, அந்த நிமிஷத்துக்கு ஆயிரம் மயில்கழுத்துப் புடவையைக் கொடுக்கலாம்.

பிறகு நடந்தது பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. பூச்சு நின்றது. டிசம்பர் கூட்டத்தில் டாக்டர் இராமசாமி, அந்த எல்லையைத் தானே ஜாக்கிரதையாகக் கண்டுபிடித்ததுபோலப் பேசி மாலை வாங்கிக்கொண்டார். அந்த மாலை நாறிப்போகட்டும். கணினி வெட்டுகிற இலக்கத்தால் தோன்றும் பொய்ச் சுற்றுகளைப் பற்றி இவர் தன் பெயரில், தானே தபாலில் போட்டு, அடுத்தடுத்துக் கட்டுரைகள் எழுதினார். பதவி அதற்குத்தான் கிடைத்தது. டாக்டர் இராமசாமியைக் கடைத்தெருவில் பார்த்தால் நான் இன்றைக்கும் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். போகும்போது காறித் துப்பிவிட்டுத்தான் போவேன்.

ஆனால் என் கணக்கு அந்தக் கேட்டோடு முடியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் மாமாவிடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் எங்களோடு புந்தோங்கில்தான் இருந்தார். பழைய சைக்கிளை மட்டும் விடவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "கிராணி ஐயா பாத்தாரா?" என்றார்.

"பாத்தாரு மாமா. நல்லாப் பாத்தாரு."

மறுநாள் பள்ளி விட்டு வந்து பார்த்தால் மாமாவைக் காணோம், சைக்கிளையும் காணோம். வெயில் தாழ்ந்தபிறகு வந்தார். வேட்டியெல்லாம் வியர்வை. சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டுக் குந்திவிட்டார்.

"எங்க போனீங்க மாமா?"

"குனோங் ராபாட் வரைக்கும் போனேம்மா. அந்த வீட்டுக்கு முன்னால எறங்காமப் போயிடணும்னு."

"போயிட்டீங்களா?"

மாமா தன் காலைப் பார்த்தார். "எறங்கிட்டேம்மா. கால் தன்னால எறங்கிடுச்சு."

"அந்த ஆள் ஏதாச்சும் சொன்னாரா?"

"யாருமே இல்லம்மா. வெறும் நாக்காலி மட்டும் கெடந்துச்சு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வெறும் நாற்காலிக்கு! இத்தனை வருஷம் கழித்து, பேரன் பேத்தி எடுத்த மனிதர், ஒரு வெறும் பிரம்பு நாற்காலிக்கு முன்னால் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு சமன்பாடு எழுதுவார்.

சனிக்கிழமை காலையில் பீரோவைத் திறந்து மயில்கழுத்துப் புடவையைக் கட்டிக்கொண்டேன். "மாமா, சைக்கிள எடுங்க. இன்னொரு தடவை போலாம். பின்னாடி கேரியர்ல நான் உக்காந்து வாரேன்."

"நீயா? வேணாம்மா. நான் மறுபடியும் எறங்கிடுவேன்."

"எறங்குனா நான் சாஞ்சு ரோட்டுல விழுவேன். விழ விடுவீங்களா?"

நான் ஒல்லியான பெண் இல்லை. பாதித் தூரம் மேட்டில் நானும் நடந்தேன், மாமாவும் தள்ளினார். அந்தத் தெருமுனைக்கு வந்ததும் ஏறி உட்கார்ந்துகொண்டேன். மூலைவீடு தெரிந்தது. அன்றைக்கு நாற்காலி காலியாக இல்லை. கிழவர் இருந்தார். மாமாவின் கால் மெதுவானது எனக்குத் தெரிந்தது. சைக்கிள் ஒருமுறை ஆடியது. நான் அவர் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மாமா, நான் பின்னாடி இருக்கேன்" என்றேன்.

மாமா மிதித்தார். கேட்டைத் தாண்டும்போது மணியடித்தார். தாண்டிய பிறகும், வளைவு திரும்பும்வரை, கையை எடுக்காமல் அடித்துக்கொண்டே போனார்.